கான்கூனிலிருந்து சிச்சென் இட்சா ஒருநாள் டூர்: போகலாமா, வேண்டாமா?

கேள்வி | 2025 ஜனவரி 11

மார்ச் நடுவில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு. மெக்சிகோவின் கான்கூனுக்கு டிக்கெட் போட்டாயிற்று. அப்பா அம்மாவும் வருகிறார்கள், இருவருக்கும் 65 தாண்டிவிட்டது. ஹோட்டலில் வந்து ஏற்றிக்கொண்டு, மாயர்களின் பழைய நகரமான சிச்சென் இட்சா இடிபாட்டைக் காட்டி, செனோட்டே என்கிற இயற்கைக் கிணற்றில் குளியல், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ராத்திரி கொண்டுவந்து விடும் டூர் இருக்கிறதாமே, அதில் போகலாமா? இல்லை, கார் எடுத்து நாமே போவது நல்லதா? இன்னொன்று. மாயர்கள் நம்ம ஆட்கள்தான் என்று அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் தினம் ஒன்று வருகிறது. அதில் ஏதாவது உண்மை உண்டா?

ஜனவரி 11, இரவு

சிச்சென் இட்சாவுக்குக் கட்டாயம் போங்கள். அந்த பஸ்ஸில் மட்டும் போகாதீர்கள்.

2022 டிசம்பரில் நானும் மனைவியும் மகளும் அப்படித்தான் போனோம். காலை 6.30க்கு வேன் வரும் என்றார்கள், 7.10க்கு வந்தது. அது இன்னும் ஐந்து ஹோட்டல் சுற்றி ஆள் பொறுக்கி, எங்கோ ஒரு பார்க்கிங்கில் எங்களை இறக்கி, பெரிய பஸ்ஸில் மாற்றி ஏற்றும்போது மணி எட்டரை. நுழைவுக் கட்டணம் தனி என்பது பஸ் நகர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு பெண் கண்டக்டர் மாதிரி வரிசையாக வந்து ரொக்கமாக வசூலித்தார்.

முதலில் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு கைவினைக் கடையில். இடிபாட்டுக்குள் விற்பதெல்லாம் போலி, இங்கேதான் அசல், இங்கேயே வாங்கிவிடுங்கள் என்று மைக்கில் அறிவிப்பு. முக்கால் மணி நேரம். எங்கள் பெயரை மாய எழுத்தில் வெள்ளித் தகட்டில் பொறித்துத் தருவதாக ஒருவர் விடாமல் துரத்தினார். அப்புறம் செனோட்டே, அப்புறம் சாப்பாடு. சிச்சென் இட்சா வாசலில் கால் வைக்கும்போது மணி ஒன்றரை. உள்ளே கைடு ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டினார், பிறகு நாற்பது நிமிடம் நம் இஷ்டம். திரும்பும் வழியில் வய்யடோலிட் ஊரில் இருபது நிமிடம், அதில் பாதி கழிவறை வரிசையிலேயே போனது. ஹோட்டல் சேர இரவு எட்டே முக்கால்.

கிட்டத்தட்ட பதினாலு மணி நேரத்தில் கல்லைப் பார்த்தது ஒன்றே முக்கால் மணி நேரம். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி 12

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. ஒன்றரை என்றேனே, அது என் கைக்கடிகாரத்து மணி, அதாவது கான்கூன் மணி. கான்கூன் இருப்பது கின்டானா ரோ மாநிலம், சிச்சென் இட்சா இருப்பது யுகட்டான் மாநிலம். யுகட்டான் ஒரு மணி நேரம் பின்னால். முன்பு கோடையில் இரண்டிலும் ஒரே மணியாக இருந்தது. 2022 அக்டோபரில் மெக்சிகோ கோடை நேர மாற்றத்தையே கைவிட்டதால் இப்போது வருடம் முழுக்க இந்த வித்தியாசம் உண்டு. ஆக நாங்கள் நுழைந்தது அங்கத்திய மணிக்குப் பன்னிரண்டரை. இன்னும் மோசம். பிரமிடு நிற்கும் பெரிய மைதானத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. டிசம்பரிலேயே தலை காய்ந்தது, மார்ச்சில் குடை இல்லாமல் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஆனால் இதே வித்தியாசம் காரில் போகிறவருக்கு லாபம். தூரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர், சுங்கச் சாலையில் இரண்டரை மணி நேரம். கான்கூனில் ஆறு மணிக்குக் கிளம்பினால் அங்கே மணி ஏழரை. எட்டு மணிக்குத்தான் கதவு திறப்பார்கள், முதல் ஆளாக நிற்கலாம். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், அது வேறு.

ஜனவரி 12, மறுபடியும்

கார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாலை நல்ல சாலை. கஷ்டம் வாடகை கவுண்டரில்தான். இணையத்தில் காட்டும் வாடகையைப் பார்த்து மயங்காதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு அங்கே கட்டாயம், கவுண்டரில் போய் நின்றதும் தொகை இரட்டிப்பாகும். எங்களுக்கு ஆனது, அரை மணி நேரம் வாய்ச்சண்டை வேறு. சுங்கம் இல்லாத பழைய சாலையில் போனால் ஒவ்வொரு ஊர் நுழைவிலும் வேகத்தடை இருக்கும். அதை டோப்பே என்கிறார்கள். நம்மூர் வேகத்தடையெல்லாம் அதற்குத் தம்பி.

நான் சொல்லும் வழி இதுதான்: முந்தின நாளே வய்யடோலிட்டில் தங்குங்கள். அங்கிருந்து முக்கால் மணி நேரப் பயணம். 2024 டிசம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்படித்தான் போனோம்.

ஜனவரி 14

இரண்டாம் முறை போனதைச் சொல்கிறேன்.

வாசலில் இரண்டு கவுண்டர். ஒன்றில் மத்திய அரசின் தொல்லியல் துறைக்கு, இன்னொன்றில் யுகட்டான் மாநிலத்துக்கு. இரண்டிலும் சீட்டு வாங்க வேண்டும். வயது வந்தவர் ஒருவருக்கு இரண்டும் சேர்த்து 600 பெசோவுக்கு மேல் ஆனது. இதைத் தெரியாமல் ஒரே சீட்டோடு உள்ளே போய்த் திரும்பி வந்தவர்களைக் கண்ணால் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட கைடுகள் பக்கத்திலேயே நிற்பார்கள். ஆங்கிலம் பேசுகிற ஒருவரை நாலு பேருக்குமாக ஆயிரத்துச் சொச்சம் பெசோவுக்குப் பேசினோம். ஐம்பது வயது இருக்கும், பிஸ்தேக்காரர். பிஸ்தே என்பது இடிபாட்டை ஒட்டிய ஊர். அவருடைய தாத்தா 1920களில் அமெரிக்காவின் கார்னகி நிறுவனம் இங்கே தோண்டியபோது மண் சுமந்தவராம்.

உள்ளே நுழைந்து மரங்கள் விலகியதும் பிரமிடு முழுசாகத் தெரியும். எல்லாரும் வாய் பிளக்கும் இடம் அது. அம்மா பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? பெரிய கோயில்ல பாதி கூட இல்லையே" என்றாள். உச்சிக் கோயிலையும் சேர்த்து 30 மீட்டர்தான், அம்மா சொன்னது சரி. தஞ்சாவூரில் விமானம் எழுந்த 1010ஆம் ஆண்டை ஒட்டித்தான் இந்த ஊரும் கொடிகட்டிப் பறந்தது. மாடு கிடையாது, இரும்பு கிடையாது, எல்லாம் மனுஷத் தோளில் வந்த கல் என்று கைடு சொன்னதும் அம்மா கொஞ்சம் இறங்கி வந்தாள்.

அவர் முதலில் பிரமிடைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் குச்சியால் மண்ணில் புள்ளி வைத்தார். ஒரு புள்ளி ஒன்று, நாலு புள்ளி நாலு, ஐந்துக்கு ஒரு கோடு, பத்தொன்பதுக்கு மூன்று கோடும் நாலு புள்ளியும். இருபது வந்தால்? மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு சிப்பி. அந்தச் சிப்பிதான் பூஜ்யம். மகளிடம் குச்சியைக் கொடுத்து 91 எழுதச் சொன்னார். அவள் யோசித்து, மேலே நாலு புள்ளி, கீழே இரண்டு கோடு, அதன் தலையில் ஒரு புள்ளி போட்டாள். "சரி, இப்போது திரும்பிப் பார், ஒரு பக்கத்துக்கு இத்தனை படி" என்று பிரமிடைக் காட்டினார். நாலு பக்கம் 364, உச்சி மேடை ஒன்று, ஆக 365. இரண்டு வருடம் முன்னால் பஸ் கைடும் இதே கணக்கைச் சொன்னார், காதில் வாங்கியதோடு சரி. இந்த முறை குழந்தை தன் கையால் எழுதினாள்.

வருடம் என்பது பதினெட்டு மாதம், மாதத்துக்கு இருபது நாள், மீதி ஐந்து நாள் ஆகாத நாள் என்றார். "பரவாயில்லையே, வருஷத்துக்கு அஞ்சு நாள்தான். நமக்குத் தினம் ஒன்றரை மணி நேரம் ராகுகாலம்" என்றாள் அம்மா. நான் மொழிபெயர்த்தேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

ஜனவரி 14, விட்டுப்போனது

மேலே ஏற முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியாது. 2000களிலேயே நிறுத்திவிட்டார்கள். படிகள் ஏறக்குறைய 45 பாகைச் சரிவு. ஏறினவரெல்லாம் இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினார்களாம். ஏறியே ஆகவேண்டும் என்றால் வய்யடோலிட்டுக்கு வடக்கே எக் பலாம் இருக்கிறது. நாங்கள் போனபோது அங்கே ஏற விட்டார்கள்.

எல்லாரும் போட்டோ எடுப்பது வடக்கு முகத்தையும் மேற்கு முகத்தையும். அவை இரண்டும் போன நூற்றாண்டில் முழுக்கச் சீரமைத்தவை. சுற்றிப் பின்பக்கம் போய்க் கிழக்கு, தெற்கு முகங்களைப் பாருங்கள். கல் சரிந்து, படி உதிர்ந்து, உள்ளது உள்ளபடி நிற்கும். அங்கே கூட்டமே இருக்காது, எனக்குப் பிடித்தது அந்தப் பக்கம்தான்.

ஜனவரி 15

சரி, வாட்ஸ்அப் விஷயம். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், சண்டை வரும் என்று தெரியும்.

மயன் என்ற புராணத் தச்சன் நம் மரபில் உண்டு. கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை வடித்த வை. கணபதி ஸ்தபதி மாயர் நகரங்களுக்கு நேரில் போய், அளவுகளைப் பார்த்துவிட்டு, இது நம் மயன் மரபோடு ஒத்துப்போகிறது என்று சொன்னார். இணையத்தில் சுற்றுவதில் பாதி அங்கிருந்து கிளம்பியது. கல்லைப் பற்றி அவர் சொன்னால் நின்று கேட்பேன். ஆனால் இந்த விஷயத்தில் என்னால் கூடப்போக முடியவில்லை.

காரணம் எளிது. மாய எழுத்தை இன்று வாசிக்கிறார்கள். 1952இல் சோவியத் ஆய்வாளர் யூரி நோரோசொவ் அது அசையெழுத்து கலந்தது என்று பிடித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. கல்வெட்டுகளில் இருக்கும் மொழி மாய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய முப்பது மொழிகள் இன்னும் உயிரோடு பேசப்படுகின்றன. பேசுகிறவர்களையே போய்க் கேட்கலாம். தமிழுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பெயர் ஒற்றுமையும் நிற்காது. மாயா என்பது யுகட்டானில் புழங்கிய பெயர். குவாத்தமாலாவின் கிச்சே மக்கள் தங்களைக் கிச்சே என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

கைடிடம் இதைக் கேட்டேன், கொஞ்சம் கூச்சத்தோடுதான். அவர் கோபப்படவில்லை. "எகிப்தியர் வந்து கட்டினார்கள் என்பார்கள், வேற்றுக்கிரகத்தார் என்பார்கள், இப்போது நீங்கள். என் தாத்தாவின் தாத்தா கட்டியிருக்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை" என்றார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரி 15, பின்குறிப்பு

இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யுகட்டான் மாய மொழியில் கீன் என்றால் சூரியன். நாள் என்றாலும் அதே சொல்தான். கைடு சொன்னதும் அம்மா, "நாமளும் பொழுது சாஞ்சுதுன்னு சொல்றோம், பொழுது போகலைன்னும் சொல்றோமே" என்றாள். இதை வைத்துப் புதிதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி கிளப்பிவிடாதீர்கள், தயவுசெய்து. சூரியனைப் பார்த்து நாளை எண்ணுவது எல்லா ஊர்க்காரனுக்கும் தோன்றுவதுதான்.

ஜனவரி 17

அங்கே நரபலி கொடுத்தார்களாமே என்று கேட்டவருக்கு.

பந்தாட்டக் களத்தில் பஸ் கைடு சொன்னது: ஜெயித்த அணித் தலைவனின் தலையை வெட்டுவார்கள், அது அவனுக்குப் பெருமை. ஐம்பது பேரும் உச்சுக் கொட்டினோம். பிஸ்தேக்காரரோ எங்களைச் சுவருக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்ச் சிற்பத்தைக் காட்டினார். ஒருவன் மண்டியிட்டிருக்கிறான், தலை இல்லை. கழுத்திலிருந்து ரத்தம் பாம்புகளாகப் பீறிடுகிறது, கூடவே ஒரு கொடி பூத்துக்கொண்டு போகிறது. எதிரில் நிற்பவன் கையில் அந்தத் தலை. "வெட்டியது தெரிகிறது. யார் ஜெயித்தவன், யார் தோற்றவன் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா, காட்டுங்கள்" என்றார். அவ்வளவுதான் தெரியும், மீதி கைடுகள் சேர்த்த மசாலா.

களம் 168 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். மெசோ அமெரிக்காவிலேயே, அதாவது பழைய மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலேயே, இதைவிடப் பெரியது இல்லை. சுவரில் கல் வளையம் உயரத்தில் இருக்கிறது. ரப்பர் பந்தை இடுப்பால் தட்டி அதற்குள் விடவேண்டுமாம். மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஸ்கோர் எப்போதும் சைபர்தான் இருக்கும் என்றாள்.

கன்னிப் பெண்களைப் புனிதச் செனோட்டேயில் தள்ளினார்கள் என்பதும் அதே வகைக் கதைதான். 1904 முதல் எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கத் துணைத் தூதர் அந்தக் கிணற்றை வாரினார். அந்த நிலத்தையே விலைக்கு வாங்கி வைத்திருந்தவர் அவர். தங்கம், பச்சைக்கல், சாம்பிராணி, எலும்பு எல்லாம் வந்தன. நிறையப் பொருள் ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. எலும்புகளில் ஆண், பெண், குழந்தை எல்லாம் கலந்திருந்தன. 2024இல் மரபணு ஆய்வு வேறு வந்தது. அந்தக் கிணற்றிலிருந்து எடுத்த 64 குழந்தைகளும் ஆண்பிள்ளைகளாம்.

ஜனவரி 18

திருத்தம். அந்த 64 பிள்ளைகளும் புனிதச் செனோட்டேயிலிருந்து எடுத்தவர்கள் இல்லை. அதற்குப் பக்கத்தில் நிலத்தடியில் வெட்டிய ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது, அதைச் சுல்துன் என்பார்கள். 1967இல் அங்கே நூறு பேருக்கு மேல் எலும்பு கிடைத்தது, அதில் 64 பேரைச் சோதித்தார்கள். நேச்சர் இதழில் 2024 ஜூனில் வந்தது. எல்லாருமே ஆண்பிள்ளைகள், பாதிப் பேர் மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள். அண்ணன் தம்பிகளும் நெருங்கிய சொந்தங்களும் இருந்திருக்கிறார்கள். இரண்டு ஜோடி ஒரே அச்சான இரட்டையர்.

நேற்றே ஒழுங்காகப் பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும். கைடுகளைத் திட்டிவிட்டு நானே மசாலா சேர்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. கிணற்று ஓரத்தில் நின்று பச்சைத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு நாணயம் போடப் பையைத் துழாவினாள். கைடு வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஜனவரி 22

சாப்பாடு. சைவம் என்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். யுகட்டானின் பெருமை கொச்சினீத்தா பிபில்: பன்றிக் கறியைப் புளிப்பு ஆரஞ்சுச் சாறிலும் செந்நிற விதை மசாலாவிலும் ஊறவைத்து, வாழையிலையில் சுற்றி, மண்ணுக்கடியில் வேகவைப்பது. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். அம்மாவுக்குக் கறுப்புப் பயறும் சோறும் வைத்தார்கள். பயற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே சர்வ சாதாரணம். கேட்டபோது, இறைச்சி இல்லை என்று சத்தியம் செய்தார்கள். கொழுப்பு அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை போலிருக்கிறது. "மான்டேகா இல்லாமல்" என்று சொல்லிக் கேளுங்கள். அம்மா கையோடு கொண்டுவந்த எலுமிச்சைச் சாதம்தான் காப்பாற்றியது.

ஆனால் ஒரு தொட்டுக்கையை அம்மா விடவே இல்லை. ஷ்னிபெக். அபனேரோ மிளகாய், தக்காளி, வெங்காயம், புளிப்பு ஆரஞ்சு, எல்லாம் பொடியாக நறுக்கியது. மாய மொழியில் நாய் மூக்கு என்று அர்த்தம். சாப்பிட்டால் மூக்கு அப்படி ஒழுகுமாம். ஒழுகியது.

ஜனவரி 22, இன்னும் கொஞ்சம்

சப்போட்டாவை மறந்துவிட்டேனே! பாதையோரம் ஒரு மரத்தைக் காட்டி, கைடு சிக்கோசப்போத்தே என்றார். அம்மா இலையைப் பார்த்ததும், "டேய், நம்ம சப்போட்டாடா" என்றாள். நம்மதான் இல்லை, அவர்களது. இந்த மண்ணின் மரம், ஸ்பானியர் வழியாகக் கிழக்கே வந்தது. காயைக் கிள்ளினால் வடியுமே பால், அதைக் காய்ச்சித்தான் முதலில் சூயிங்கம் செய்தார்கள். பிரமிடின் உச்சிக் கோயிலில் வாசலுக்கு மேலே போட்டிருக்கும் உத்தரங்கள் இந்தச் சப்போட்டாக் கட்டைதானாம். ஆயிரம் வருடம் கல்லைத் தாங்கியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்கட்டு மரத்தில் அணில் கடித்ததைப் பொறுக்கித் தின்றே வளர்ந்தவன் நான். அந்த மரத்தை ஒரு உத்தரமாக நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஜனவரி 23

விசா: இந்தியக் கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். பெற்றோரின் விசா தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 2

பத்து நாளாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸை ரொம்பத்தான் திட்டிவிட்டேன்.

நேற்று மகளிடம், மெக்சிகோ பயணத்தில் உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். இகுவானா என்றாள், குச்சிக் கணக்கு என்றாள். அப்புறம், "அந்த பஸ் அங்கிள் சொன்ன தேனீ" என்றாள். எனக்கே மறந்துவிட்டது. கடைக்குப் போகும் வழியில் பஸ் கைடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே வந்தார். அவர் பாட்டி வீட்டுக் கொல்லையில் மரக்கட்டையைக் குடைந்து கொடுக்கில்லாத தேனீ வளர்த்தது, காட்டை எரித்துச் சோளமும் அவரையும் பூசணியும் ஒன்றாக விதைப்பது, பள்ளிக்கூடத்தில் மாய மொழி பேசினால் அடி விழுந்தது. யுகட்டானில் ஏன் ஒரு ஆறு கூட இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, மழைத் தண்ணீர் மேலே ஓடாது, உள்ளே இறங்கிவிடும். பாறைக் கூரை உடைந்து விழுந்த இடம்தான் செனோட்டே. சிச்சென் என்றாலே கிணற்று வாய் என்று பொருள், இட்சா அங்கே இருந்த குலத்தார் பெயர்.

பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், நானும்தான். மகள் மட்டும் கேட்டிருக்கிறாள்.

கைடு மோசமில்லை. அவரைக் கடைக்கும் கடிகாரத்துக்கும் நடுவே மாட்டிவிட்டதுதான் மோசம். வாசலில் பேசிய பிஸ்தேக்காரர் தொண்ணூறு நிமிடத்தில் முடித்துவிட்டார், பாட்டி கதைக்கு அவருக்கு நேரமில்லை. ஆகவே என் தீர்ப்பைக் கொஞ்சம் மாற்றுகிறேன். பெரியவர்களுக்குக் கார் சரிப்படாது, தங்க நாளில்லை என்றால் பஸ்ஸில் போங்கள். ஆனால் முதலில் இடிபாடு, பிறகு மற்றதெல்லாம் என்று போகிற டூராகத் தேடிப் பிடியுங்கள். அதிகாலை நுழைவு என்று போட்டிருப்பார்கள், விலை கூட இருக்கும். முன்சீட்டில் உட்காருங்கள். தூங்காதீர்கள்.

பிப்ரவரி 3

"போகாதே என்றாய், இப்போது போ என்கிறாயே" என்று கேட்ட நண்பருக்கு: ஆமாம்.

பிப்ரவரி 9

கைதட்டல் பற்றி இதுவரை எழுதாததே ஆச்சரியம். வடக்குப் படிக்கட்டுக்கு நேரே கொஞ்சம் தள்ளி நின்று ஒருமுறை பளிச்சென்று தட்டுங்கள். திரும்பி வருவது கைதட்டல் இல்லை. "க்கீய்வ்" என்று ஒரு பறவைக் குரல், மேலே தொடங்கிக் கீழே இறங்கும். கெட்சால் பறவை மாதிரி என்பார்கள். மாயருக்கு அது புனிதப் பறவை. அம்மா கிளி என்றாள்.

எதிரொலி ஏன் அப்படி? ஒவ்வொரு படியும் சத்தத்தைத் தனித்தனியாகத் திருப்பி அனுப்புகிறது. அடிப்படிகளிலிருந்து வருவது அடுத்தடுத்து நெருக்கமாக வந்து சேரும். மேற்படிகளிலிருந்து வருவது இடைவெளி விட்டு விட்டு வரும். நெருக்கமாக வந்தால் காதுக்குக் கீச்சுக்குரல், இடைவெளி கூடக்கூடச் சுருதி இறங்கும். அமெரிக்க ஒலியியலாளர் டேவிட் லுப்மன் 1998இல் இதை ஆராய்ந்து சொன்னார். வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்களா என்பது வேறு கேள்வி. நீளமான கல் படிக்கட்டு எதுவானாலும் கொஞ்சம் இப்படிக் கூவும்.

பிப்ரவரி 10

எங்கள் பகுதிப் பள்ளி மைதானத்தின் கான்கிரீட் படிவரிசைக்கு எதிரே போய்த் தட்டிப் பார்த்தேன். வந்தது, ஆனால் சளி பிடித்த கிளி. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 20

மார்ச் 20 அன்றே போகவேண்டுமா என்று கேள்வி. வேண்டாம். பகலும் இரவும் சமமாகும் நாளில், சாயங்காலம் பிரமிடின் ஒன்பது அடுக்கு விளிம்புகளின் நிழல் வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் விழுந்து, வெளிச்ச முக்கோணங்கள் வரிசையாகக் கீழே இருக்கும் பாம்புத் தலையோடு சேரும். குகுல்கான், இறகுப் பாம்பு, இறங்கி வருகிறது என்று அர்த்தம். பார்க்க ஆசைதான். ஆனால் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம், கழுத்து எக்கியே பொழுது போய்விடும். முன்னும் பின்னும் சில நாட்களுக்கு அதே நிழல் கிட்டத்தட்ட அதே மாதிரி விழும். 17 அல்லது 18ஆம் தேதி சாயங்காலம் போதும். ஆனால் ஒன்று: ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், காலை டூரில் போனால் இதைப் பார்க்க முடியாது. எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. உள்ளே பாதை நெடுகக் கடைதான், முக்கியமாகப் புனிதச் செனோட்டேக்குப் போகும் வெள்ளைச் சாலையில். களிமண்ணில் சிறுத்தைத் தலை மாதிரி ஒரு விசில் விற்கிறார்கள். ஊதினால் நிஜமாகவே உறுமும். பத்தடிக்கு ஒருவர் ஊதிக்கொண்டே இருப்பார். அதை மட்டும் வாங்காதீர்கள்.

பிப்ரவரி 21

ஆம், வாங்கினோம். மகளுக்கு. கான்கூன் விமான நிலையத்தில் பாதுகாப்பு வரிசையில் ஒருமுறை ஊதினாள். அம்மா பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 24

கேள்வி கேட்டவர் போய்வந்து எழுதியிருக்கிறார். அதிகாலை டூரில்தான் போனார்களாம், எட்டு மணிக்கு உள்ளே. பின்பக்கம் போய்ப் பார்த்தார்களாம். அவர் அப்பா வாட்ஸ்அப் கேள்வியைக் கைடிடம் கேட்டே விட்டார். அந்தக் கைடும் தாத்தாவின் தாத்தா பதிலைத்தான் சொன்னாராம், வார்த்தை கூட மாறாமல். எனக்கு அவ்வளவு உறைத்தது எல்லாருக்கும் சொல்கிற பதில்தான் போலிருக்கிறது. இருக்கட்டும்.

பிள்ளைகள் ஆளுக்கொரு சிறுத்தை விசில் வாங்கினார்களாம், வீட்டில் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லையாம், எங்கள் வீட்டு விசிலை என்ன செய்தோம் என்று கேட்கிறார். சமையலறையில் மேல் தட்டில், பழைய இட்லித் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மகளுக்கு இன்னும் கை எட்டவில்லை.